மூன்று தரம் கழுவிய கண்ணாடி

தேநீர்க் கோப்பையைக்கூட அந்த மிஸ் மூன்று தரம்தான் அலசுவார். அவசரமே இருக்காது. கோப்பையைச் சரித்துத் தண்ணீருக்குள் இறக்கி, ஒரு மூச்சு நேரம் அப்படியே வைத்திருந்து, அதே சரிவில் வெளியே எடுப்பார். பிறகு இரண்டாவது தரம். பிறகு மூன்றாவது. பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குத் தேநீர் ஆசையே விட்டுப்போகும்.

"மிஸ், அது கோப்ப. பொறந்த புள்ள இல்ல" என்பேன்.

அவர் சிரிப்பார். ஆனால் மூன்றாவதை முடிக்காமல் சிரிக்க மாட்டார். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், எங்கிருந்தாலும் இதைத் தேடிப் பிடித்து வாசித்து, எழுத்துப்பிழைகளுக்குக் கீழே கோடு போட்டு எனக்கே திருப்பி அனுப்பக்கூடியவர்.

நான் கிண்ணியாக்காரன். விடியப் பாலத்தைக் கடந்து திருகோணமலைக்கு வந்து, துறைமுகத்துக் கரையில் உள்ள, படகு பழுதுபார்க்கிற ஒரு யாட்டில் வேலை செய்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் முங்கி, படகுகளின் அடியில் பிடித்திருக்கிற பாசியையும் ஒட்டுச்சிப்பியையும் தும்புப் பிரஷாலும் சுரண்டியாலும் எடுப்பதுதான் என் வேலை. கடல் ஒட்ட வைத்ததை நான் கழற்றுவேன். மறுநாளே கடல் திரும்ப ஒட்ட வைக்கத் தொடங்கும். அதனால் எனக்கு வேலை குறைந்ததே இல்லை. யாட்டில் என்னை ‘இடக்கை நானா’ என்பார்கள்; நானா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். சிறு வயதில் வாப்பா அடித்துத் திருத்தியதில் சாப்பாட்டுக்கு மட்டும் வலக்கை பழகியது. மற்ற எல்லாவற்றுக்கும் இன்றுவரை இடக்கைதான்.

இப்படி ஒட்டியதைக் கழற்றிக்கொண்டிருந்தவனிடம்தான், சில வருடங்களுக்கு முன் ஒரு நாள், ஒட்டுவதைப் பார்க்கவென்று அந்த மிஸ் வந்து சேர்ந்தார். எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். ஒரு வருடம் விடுப்பு எடுத்துக்கொண்டு, பெரிய பட்டம் ஒன்றுக்காகக் கம்பஸில் பதிந்திருந்தார். யாட்டில் சாமான் போட்டு வைத்திருந்த அறையொன்றைக் கேட்டு வாங்கி, யன்னல் ஓரமாக ஒரு மேசையும் கதிரையும் போட்டு, மேசையில் நுணுக்குக்காட்டியை வைத்தார். பிறகு, பிளாஸ்டிக் குழாயால் செய்த சட்டங்களில் சின்னச் சின்னக் கண்ணாடித் தட்டுகளைச் செருகி, ஜெட்டிக்குக் கீழே கயிற்றில் கட்டித் தொங்கவிடச் சொன்னார்.

"என்ன மிஸ், கண்ணாடிக்கு மீன் படுமா?"

"மீன் வேணாம் நானா. மீனை விடச் சின்னச் சீவன்கள். ஒரே ஒரு கலம்தான் ஒவ்வொண்டுக்கும் உடம்பு. அதுகளில ஆர் முதல் வந்து ஒட்டுது எண்டு பாக்கப் போறன்."

"ஒட்டிட்டா?"

"கழுவிப் பாப்பம்."

அதுதான் அவருடைய சொல். எதற்கும் அதுதான் பதில். வெளியே எடுத்த தட்டை உடனே நுணுக்குக்காட்டியில் வைத்து, எது எங்கே இருக்கிறது என்று தாளில் புள்ளி புள்ளியாகக் குறிப்பார். பிறகு வடிகட்டிய கடல்தண்ணீர் நிரப்பிய பேசினில் அந்தத் தட்டை மூன்று தரம், கோப்பைக்குச் செய்வதைப் போலவே, சரித்து இறக்கி எடுப்பார். திரும்ப வைத்து, குறித்த புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தேடுவார். வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். "நிக்குது. நிக்குது. போச்சு. நிக்குது. போச்சு." மழைக்காலத்துப் பின்னேரங்களில், கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில் இருந்துகொண்டு, முற்றத்து வலை வாளிகளுக்கு மேல் விழுகிற தூறலையும் அந்த முணுமுணுப்பையும் சேர்த்துக் கேட்டால் கண் சொக்கும். நான் பல நாள் அப்படியே சாய்ந்து தூங்கியிருக்கிறேன்.

ஒரு நாள் என்னையும் பார்க்கச் சொன்னார். இருபது வருடமாக நான் நகத்தால் கிள்ளி எறிந்த அழுக்கு அது. குழாய்க்குள் கண்ணை வைத்தேன். பொன்னிறத்தில், தோணி வடிவத்தில், ஒளி ஊடுருவுகிற சின்னச் சின்ன உடம்புகள். சில அசையாமல் கிடந்தன. ஒன்று மட்டும் மெல்ல வழுக்கிக்கொண்டு போய், இன்னொன்றின் பக்கத்தில் நின்று, திரும்பி வந்தது. யாரும் துடுப்புப் போடவில்லை. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. தலை நிமிர்ந்தபோது யாட்டின் சத்தங்கள் எல்லாம் தூரத்தில் எங்கோ கேட்பது போல இருந்தன.

"இதுகள் ஏன் மிஸ் ஒட்டுது?"

"நியாயப்படி ஒட்டக்கூடாது நானா. கண்ணாடிக்கும் இதுகளுக்கும் ஒரே மாதிரி மின்னேற்றம். ஒண்டை ஒண்டு தள்ளும். ஆனா உப்புத் தண்ணியில அந்தத் தள்ளல் தூரத்துக்குப் போகாது, உப்பு மூடிப்போடும். அந்த நேரம் பாத்து தண்ணி ஒண்டைக் கிட்டக் கொண்டு வந்து விட்டுதெண்டு வைங்க. அவ்வளவு கிட்ட வந்த எந்த ரெண்டு பொருளுக்கும் நடுவில ஒரு சின்ன இழுவை இருக்கு."

"எந்த ரெண்டுக்குமா?"

"ஓம். எந்த ரெண்டுக்கும்."

அன்றைக்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போகும்போது அதையே நினைத்துக்கொண்டு போனேன். கீழே தண்ணீர் வெள்ளித் தகடாகக் கிடந்தது. வீட்டில் மனைவி சோறு போட்டுக்கொண்டே, "என்ன, கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குறீங்க?" என்று கேட்டாள்.

எல்லாம் அவர்தான் எனக்குச் சொன்னார் என்று நினைத்துவிட வேண்டாம். நானும் சொன்னேன். ஒரு நாள் நீரோட்டம் பலமாக இழுத்தது. "இப்பிடி இழுக்கேக்க கப்பலடியில எப்பிடி நானா வேலை செய்யிறீங்க?" என்று கேட்டார். "பலகையோட மொகத்த வச்சி ஒட்டிக்கிட்டாச் சரி மிஸ். தண்ணி முதுகால போயிடும். பலகைக்குக் கிட்ட இழுப்பு அவ்வளவு இரிக்காது" என்றேன். மிஸ் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "அதைத்தான் இதுகளும் செய்யுதுகள்! ஒட்டின இடத்தில தண்ணி கிட்டத்தட்ட நிண்டுபோய் இருக்கும். அதுக்குள்ள படுத்திருந்தாக் காணும்" என்று சொல்லி, நான் சொன்னதை அப்படியே கொப்பியில் எழுதினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். கப்பலடியில் ஒட்டிக்கொண்டு கிடப்பதற்குக்கூடப் படிப்பு இருக்கிறதா என்று கேட்டாள்.

முதல் பிடி பிடியே இல்லை என்பார் மிஸ். முதல் சில மணித்தியாலம் சும்மா தொட்டுப் பார்ப்பதுதானாம். உருளும், விலகும், திரும்ப வரும். இருப்பதென்று ஆன பிறகுதான் பசை விடும். இன்னும் சில கிருமிகள் இருக்கின்றனவாம். அவற்றை வேகமாக இழுத்தால் முன்னையதைவிட இறுக்கிப் பிடிக்கும். இழுக்காமல் விட்டால் தானாகக் கழன்று போகும். "அதுதான் மெல்லமாக் கழுவுறன்" என்றார்.

தட்டுகளை மட்டும் கழுவினால் பரவாயில்லை. மனிதரையும் கழுவிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இருந்தது.

அந்த வருடத்தில் அவருக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை ரவுனில் ஒரு கந்தோரில் வேலை, நல்ல பிள்ளை. மிஸ் அவரை ஒரு மத்தியானம் ஜெட்டிக்கு வரச் சொன்னார். வெள்ளைச் சேட்டோடு வந்தார் பாவம். முதலில், கண்ணாடிச் சட்டம் ஒன்றை இழுத்து, இதைக் கொஞ்சம் பிடியுங்கள் என்று கொடுத்தார் மிஸ். பச்சை நிறச் சளி சேட்டுக் கையில் வழிந்தது. மாப்பிள்ளை பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்து, அந்தச் சளியிலேயே ஒரு துளியை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்து, அரை மணித்தியாலம் விளக்கம். அதற்கும் நின்றார். மூன்றாவதாக, கலியாணத்துக்குப் பிறகும் இந்தப் பேசின்கள் எல்லாம் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்றார். மாப்பிள்ளைக்கு ஒரு ஃபோன் வந்தது. பேசிக்கொண்டே கேற் பக்கம் போனார். அந்த ஃபோன் இன்னும் முடியவில்லை.

"ரெண்டுக்கு நிண்டவர். மூண்டில போயிட்டார்" என்று சொல்லிவிட்டு மிஸ் தட்டுகளை எண்ணப் போய்விட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

இதை வீட்டில் சொல்லிச் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. "மனிசரக் கண்ணாடி மாதிரிக் கழுவிப் பாக்கலாமா? கழுவிக்கிட்டே இரிந்தா ஆருதான் நிப்பாங்க?" என்றாள். அது எனக்குள் தைத்தது. மிஸ் மேல் எனக்கு அன்பு மட்டுமில்லை, அந்த நாளுக்குப் பிறகு ஒரு பயமும் இருந்தது. என்னை எப்போது கழுவப் போகிறாரோ என்று.

ஏன் மூன்று என்று கேட்டிருக்கிறேன். "புத்தகத்தில அப்பிடித்தான்" என்றார். பிறகு ஒரு நாள், நான் கேட்காமலே, தட்டைப் பேசினுக்குள் இறக்கிக்கொண்டே சொன்னார். "சின்னனில நாங்க மூண்டு தரம் இடம்பெயர்ந்தனாங்க நானா. முதல் தரம் ஊரே கூட வந்தது. ரெண்டாந்தரம் சொந்தக்காரர் மட்டும். மூண்டாந்தரம் திரும்பிப் பாத்தா அம்மா மட்டும் நிண்டவ." தட்டை எடுத்து, தண்ணீர் வடியவிட்டு, அடுத்த தட்டை இறக்கினார். நான் பேசினுக்குத் தண்ணீர் கொண்டு வரப் போனேன்.

கடற்பஞ்சைப் பிழிந்து பார்த்த நாளையும் சொல்ல வேண்டும். ஜெட்டிக் கால்களில் செம்மஞ்சளில் ஒன்றும் ஊதாவில் ஒன்றுமாக இரண்டு வகைப் பஞ்சு வளர்ந்திருந்தது. மிஸ் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை மெல்லிய துணியில் சுற்றி, கண்ணாடிப் பாத்திரத்துத் தண்ணீருக்குள் வைத்துப் பிழிந்தார். துணிக் கண் வழியாகத் தனித்தனிக் கலமாகப் பிரிந்து, பஞ்சு புகை மாதிரி வெளியே வந்தது. செம்மஞ்சள் புகையும் ஊதாப் புகையும் கலந்து ஒரு நிறமும் இல்லாமல் போனது. ஒரு சீவனை இப்படித் தூளாக்கிவிட்டாரே என்று எனக்கு மனம் கேட்கவில்லை.

"இருங்க நானா. பாருங்க" என்றார்.

பின்னேரம் பார்த்தபோது தூள் தூளாக இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கை நீட்டித் தேடி, கண்டதைக் கண்டது பிடித்துக்கொண்டு, கலவை நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள். மறுநாள் காலையில் செம்மஞ்சள் வேறாகவும் ஊதா வேறாகவும் பிரிந்து கிடந்தன. எட்டிப் பார்த்த யாட் மேற்பார்வையாளர் தலையை ஆட்டினார்.

"பாத்தீங்களா? எல்லாம் தன்ர தன்ர ஆக்களோடதான் போய்ச் சேரும்."

"நேற்றுப் பின்னேரம் வந்திருந்தா எல்லாம் ஒண்டாப் பிடிச்சுக்கொண்டு இருந்ததைப் பாத்திருப்பீங்க" என்றார் மிஸ். "அதோட இது கடற்பஞ்சு ஐயா. எப்பிடி இருக்கிறதெண்டு இதுகளிட்டக் கேட்டு நாங்க நடக்கத் தேவையில்லை."

அவர் போன பிறகு மிஸ் எனக்கு இன்னொரு பாத்திரத்தைக் காட்டினார். அதிலும் அதே பஞ்சு, அதே தூள். ஆனால் அந்தத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தை மட்டும் எடுத்துவிட்டிருந்தார். அந்தக் கலங்கள் ஒன்றை ஒன்று தொட்டன, விலகின, தொட்டன, விலகின. பிடிக்க முடியவில்லை. "கை இருக்கு நானா. பிடிக்கத்தான் ஏலாது. அதுக்கு நடுவில ஒரு துளி சுண்ணாம்பு வேணும்." அந்தப் பாத்திரம் எனக்கு இப்போதும் கனவில் வரும். மெதுவாகச் சுற்றுகிற தூள். ஒரு சத்தமும் இல்லை.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

தொங்கவிட்ட சட்டங்களில் பெரும்பாலானவை மாதம் மாதம் எடுத்து எண்ணுகிறவை. எண்ணி முடிந்ததும் மிஸ் என்னிடம் தருவார், நான் பிரஷ் போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொடுப்பேன், அவை திரும்பக் கடலுக்குப் போகும். ஒரே ஒரு சட்டம், இருபத்துநான்கு தட்டு, வருடம் முழுக்கக் கிடக்க வேண்டியது. அவருடைய பட்டம் அந்தச் சட்டத்தில்தான் இருந்தது. ஒரு வருடம் இருந்தவற்றின் பிடி எவ்வளவு என்று பார்ப்பதற்குத்தான் மற்ற எல்லாமே. ஆனால் எந்தச் சட்டம் அது என்பதை நான் மனதில் வைத்திருக்கவில்லை. தண்ணீருக்குக் கீழே, பாசி மூடினால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பத்தாவது மாதம், ஹஜ்ஜுப் பெருநாளையொட்டி, மிஸ் கம்பஸுக்குப் போனார். போகும்போது, யாரும் தொட்டுவிடக் கூடாதென்று அந்த வருடச் சட்டத்தின் கயிற்றில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போனார்.

எங்கள் யாட்டில் ஒரு பழக்கம் இருக்கிறது. அடுத்ததாக எந்தப் படகின் அடியைச் சுரண்ட வேண்டுமோ, அதன் கயிற்றில் சிவப்புத் துணி கட்டுவார்கள். எத்தனையோ வருடமாக நான் யாரிடமும் கேட்பதில்லை. சிவப்பைக் கண்டால் முங்குவேன்.

பெருநாளுக்கு முந்தைய நாள். வீடு வெள்ளையடித்தாகிவிட்டது, பிள்ளைகளுக்கு உடுப்பு எடுத்தாகிவிட்டது, யாட் வேலையும் வேளைக்கே முடிந்தது. ஜெட்டியில் நடந்து வரும்போது மிஸ்ஸின் கயிற்றில் சிவப்புத் துணியைக் கண்டேன். எண்ணி முடித்து எனக்காக விட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். பெருநாளைக்கு எல்லாம் துப்புரவாக இருக்கட்டும் என்று, வெளிக்கிடப் போனவன் திரும்பவும் தண்ணீருக்குள் இறங்கினேன். அப்படி ஆசையாக நான் எதையும் தேய்த்ததில்லை. ஒவ்வொரு தட்டாக, இரண்டு பக்கமும், மூச்சு முட்ட முட்ட. ஜெட்டியின் நிழலுக்குள் வெயில் பச்சைக் கீற்றுகளாக இறங்கியது. பாசி பிரிந்து பிரிந்து, தங்கத் தூள் மாதிரி என்னைச் சுற்றி மிதந்தது. மிஸ் வந்து பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். தண்ணீருக்குள்ளேயே சிரித்தேன் என்றுகூட நினைவு.

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் மிஸ் வந்து அந்தச் சட்டத்தை இழுத்தார். நான் பத்தடி தள்ளி நின்றேன். அவர் முகத்தில் இருந்த இரத்தம் எல்லாம் இறங்கிப்போனதைப் பார்த்த அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நானா, இதை ஆரும் தொட்டவையா?"

யாட்டில் சாமான் எதையாவது பழுதாக்கினால், துறைமுகத்துக்குள் வருகிற பாஸைப் பறித்துவிடுவார்கள். பாஸ் போனால் வேலை போகும். அதுவும் ஒரு காரணம். ஆனால் உள்ளதைச் சொன்னால், அதைவிட அந்த முகத்துக்குத்தான் பயந்தேன். "தெரியா மிஸ்" என்றேன்.

ஆறு தட்டுகளை எடுத்து, அப்படியே கெடாமல் இருக்க மருந்துப் போத்தல்களில் போட்டார். மற்றப் பதினெட்டையும் அப்படியே திரும்ப இறக்கினார். ஏதோ ஒன்று வந்து மேய்ந்திருக்கிறது, திரும்பவும் வரும், வந்தால் பார்த்துவிடலாம் என்றார். அடுத்த நாளிலிருந்து ஜெட்டிப் பலகையில் குப்புறப் படுத்து, பலகை இடுக்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். காலை முதல் பின்னேரம் வரை. தலைக்கு ஒரு துவாய். நான் தேநீர் கொண்டுபோய் வைத்தேன். கோப்பையை அலசக்கூட அவர் எழும்பவில்லை.

நாலாம் நாள் தலையைத் தூக்கி, "நானா, நீங்க முங்கேக்க பெரிய மீன் ஏதும் கண்டனீங்களா?" என்று கேட்டார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "ஓம் மிஸ். கிளிமீன் ஒண்டு. பெரிசு. இந்தப் பக்கம் திரியிறத்தக் கண்டன்."

மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. அதை என்னால் மறக்க முடியாது. "கிளிமீனா! அதுதான்! அது பல்லால வழிச்சுத் தின்னும்" என்று எழும்பி உட்கார்ந்தார். கிளிமீன் தின்றதென்றால் அதுவும் ஒரு முடிவுதான், எழுதலாம் என்றார். இன்னும் நாலு நாள், இல்லாத ஒரு கிளிமீனுக்காகக் காவல் கிடந்தார். அந்தக் கிளிமீன் தினமும் அவருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தது.

எட்டாம் நாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார். முதல் நாள் போத்தலில் போட்ட தட்டொன்று நுணுக்குக்காட்டியில் இருந்தது.

"பாருங்க நானா."

பார்த்தேன். வெறுமையான கண்ணாடியில், உழுத வயலைப் போல, பக்கம் பக்கமாக வளைந்த கோடுகள்.

"கிளிமீன் கடிச்சா சின்னச் சின்ன வெட்டாத்தான் இருக்கும். இது வளைஞ்சு போகுது. எல்லாம் ஒரே பக்கமா வளையுது."

என் கைதான். தும்புப் பிரஷைப் பிடித்துத் தோளிலிருந்து வீசித் தேய்க்கிற என் இடக்கை, அந்தக் குழாய்க்குள் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. நான் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அவரைப் பார்க்க வேண்டும்.

மிஸ் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் மூன்றாம் தரமும் பொய்தான் சொல்லியிருப்பேன், என்னை எனக்குத் தெரியும். ரொம்ப மெதுவாக, பேசினுக்குள் தட்டை இறக்குகிற அதே மெதுவாக, கேட்டார். "நானா, ஆர் தொட்டது?"

"நான்தான்."

"ஓம்" என்றார்.

சிவப்புத் துணியைப் பற்றிச் சொன்னேன். பெருநாளைப் பற்றிச் சொன்னேன். வார்த்தை தடுமாறி, சொன்னதையே திரும்பச் சொன்னேன். "சிவப்பெண்டாத் தொடாதீங்க எண்டுதானே நானா கட்டினனான்." "எங்கட யாட்டுல சிவப்பெண்டாச் சுரண்டு மிஸ்." பிறகு மிஸ் அழுதார். தேய்த்ததற்காக அழவில்லை.

"துணி கட்டினது என்ர பிழை. உங்களுக்குச் சொல்லியிருக்க வேணும். ஆனா முதல் நாளே சொல்லியிருந்தா இருபத்துநாலையும் போத்தில்ல போட்டிருப்பன். எந்தப் பிரஷ், எத்தினை தரம், எந்த நாள் எண்டு தெரிஞ்சா அதையே எழுதியிருப்பன். உங்கட கைக்கும் போகாததுகள் அதில நிண்டது நானா. இப்ப அதுக்கு மேல எட்டு நாள் புதுசு முளைச்சிட்டுது. பதினெட்டும் போச்சு." பிறகு, தனக்குத் தானே சொல்வது போல, "கிளிமீன்" என்றார்.

பத்து நாள் என்னோடு கதைக்கவில்லை. நான் தேநீர் கொண்டுபோய் வாசலில் வைப்பேன். அது அப்படியே ஆறிக் கிடக்கும்.

பதினோராம் நாள், கடையில் மா நிறுக்கிற தட்டுத் தராசு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "பிரஷை எடுங்க. அண்டைக்கு அமத்தின மாதிரி இதில அமத்துங்க" என்றார். அமத்தினேன். முள் எங்கே நிற்கிறதென்று எழுதினார். திரும்ப அமத்தச் சொன்னார். மாதச் சட்டங்களில் உள்ள தட்டுகளையும் அதே பலத்தில், அதே இடக்கையால், எத்தனையோ தரம் தேய்க்க வைத்தார். பிறகு கழுவி, எண்ணி, எதெது என் கையைத் தாண்டி நின்றது என்று எழுதினார். இரண்டு மாதம் அப்படிப் போயிற்று. வேலைக் கதை தவிர வேறு கதை இல்லை.

விடுப்பு முடிந்தது. ஆறு தட்டை வைத்துக்கொண்டு பெரிய பட்டம் எழுத முடியாது என்று கம்பஸில் சொல்லிவிட்டார்கள். இன்னொரு வருடம் வேண்டும். பள்ளிக்கூடம் இன்னொரு வருடம் தராது. பெரியதற்குப் பதிந்தவர் சின்னப் பட்டத்தோடு போனார். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. மேற்பார்வையாளர் சொன்னார். அன்றைக்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டில் மனைவிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஏசவில்லை. ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கி, வாழையிலையால் மூடிக் கட்டித் தந்தாள். "நீங்களே போய்க் குடுங்க" என்றாள்.

பஸ் நிலையத்துக்குப் போனேன். மிஸ் யன்னல் ஓரத்தில் இருந்தார், மடியில் நுணுக்குக்காட்டிப் பெட்டி. இந்த ரவுனில் தெருத் தெருவாகத் திரிகிற மான்களில் ஒன்று பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று, யாரோ போட்ட கடதாசிப் பையை மென்றுகொண்டிருந்தது. யன்னலால் தயிர்ச் சட்டியைக் கொடுத்தேன். வாங்கிப் பெட்டிக்கு மேல் வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி" என்றேன். ஒரு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"என்ன நானா?"

"என்னையும் கழுவிப் பாத்தீங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "ஓம். மூண்டு தரம்."

"ரெண்டுல போயிட்டன்தானே."

அதற்குள் கண்டக்டர் தகரத்தில் தட்டினார். பஸ் நகர்ந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினேன். பஸ் மூலையில் வளைகிற நேரம், எண்ணும்போது முணுமுணுக்கிற அதே சொல், ஆனால் நான் ஒரு நாளும் கேட்டிராத சத்தத்தில், பின்னால் கேட்டது. மிஸ் யன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கத்தினார்.

"நிக்குது!"

சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. மான் மிரண்டு ஓடியது. நான் இடக்கையால் கண்ணைத் துடைத்தேன்.